பெரிய லென்ஸ், சிறிய சென்சார்

மீடியம் ஃபார்மட் கேமராவுக்காகச் செய்த பழைய ஜூம் லென்ஸை இன்றைய மிரர்லெஸ் கேமராவில் மாட்டுகிறவர்களில் பலர், பெரிய ஃபிலிமின் அழகு அந்தக் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது என்று நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. மாமியா 645 கேமராவுக்கு வந்த 105-210 மி.மீ., எஃப் 4.5 ஜூமையே பாருங்கள். 56 × 41.5 மி.மீ. அளவுள்ள ஃபிலிம் சட்டத்தில் அது காட்டிய பார்வைக்கோணம், 35 மி.மீ. கேமராவில் ஏறத்தாழ 65-130 மி.மீ. லென்ஸ் காட்டுவதற்குச் சமம். ஃபுல்ஃப்ரேம் சென்சாருக்கு முன்னால் வந்துவிட்டால் அது வெறும் 105-210 மி.மீ. லென்ஸ்தான். அதே குவியத்தூரமும் அதே துளையும் உள்ள வேறெந்த லென்ஸும் தரும் கோணத்தையும் பின்னணி மங்கலையும்தான் அதுவும் தரும். கூர்மையிலும் பெரிதாக எதிர்பார்ப்பதற்கில்லை. பெரிய ஃபிலிமை அச்சுக்குக் கொஞ்சம் பெரிதாக்கினாலே போதும் என்பதால், ஒரு மில்லிமீட்டருக்குள் மிக நெருக்கமான கோடுகளைப் பிரித்துக் காட்டும் கட்டாயம் இந்த லென்ஸ்களுக்கு அன்று குறைவாகவே இருந்தது. கூர்மைக்காக வாங்குவதானால் புதிய ஜூமே மேல்.

இதன் உண்மையான மதிப்பு, சென்சார் பயன்படுத்தாமல் விடும் பகுதியில் இருக்கிறது என்பதே என் வாதம். லென்ஸ் வீசும் பிம்பம் வட்டமானது. 645 சட்டத்தின் மூலைவிட்டம் சுமார் 70 மி.மீ. என்பதால் வட்டத்தின் விட்டமும் அவ்வளவாவது இருக்க வேண்டும். அதன் பரப்பு 3,800 சதுர மி.மீட்டருக்கு மேல், ஃபுல்ஃப்ரேம் சென்சாரின் பரப்போ 864. ஐந்தில் நான்கு பங்கு ஒளி, அடாப்டரின் சுவரிலும் கேமராவின் உட்புறத்திலும் விழுகிறது. இது முதலில் ஒரு தொல்லை. அங்கே எதிரொளித்துத் திரும்பும் ஒளி படத்தின் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். ஜூம் லென்ஸுக்கு இது பழகிய நோய். பூச்சில்லாத ஒரு கண்ணாடிப் பரப்பு சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடும் என்றால், அப்படி 20 பரப்புகளைத் தாண்டி வருவது பாதிக்கும் குறைவான ஒளிதான். 1935-இல் ட்சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா காப்புரிமை பெற்ற எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு போன்றவை இல்லாமல் ஜூம்கள் பிழைத்திருக்காது. ஆனால் லென்ஸில் பூசலாம், அடாப்டரின் உட்சுவர் பளபளத்தால் அதெல்லாம் வீண். உட்புறம் மங்கல் கறுப்பாக இருக்கும் அடாப்டரும் ஆழமான ஹூடும் இங்கே அலங்காரம் அல்ல.

அந்தத் தொல்லைக்குள்தான் பயனும் இருக்கிறது. மாமியா 645 லென்ஸின் பொருத்துவிளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 63.3 மி.மீ.; சோனி மிரர்லெஸ்ஸில் 18 மி.மீ. மட்டுமே. நடுவில் 45 மி.மீ. இடம் கிடைப்பதால், கண்ணாடி எதுவும் இல்லாத அடாப்டருக்குள் லென்ஸை மேலும் கீழும் நகர்த்தும் ஷிஃப்ட் பொறிமுறையை வைத்துவிடலாம். கேமராவை நிமிர்த்திப் பிடித்து, லென்ஸை மட்டும் உயர்த்தினால், உயரமான கட்டடத்தின் பக்கங்கள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்காமல் நேராக நிற்கும். 70 மி.மீ. வட்டத்தில், படுக்கைவாட்டுச் சட்டத்துக்குக் கணக்குப்படி மேல்நோக்கி 18 மி.மீ. வரை இடம் உண்டு. வட்டத்தின் விளிம்பில் தரம் குறையும் என்பதால் அதில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

கணினியில் சரிசெய்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் மென்பொருள் படத்தின் மேல்பகுதியை இழுத்து அகலமாக்குகிறது. அங்கே இல்லாத நுணுக்கத்தை ஊகித்து நிரப்புகிறது, ஓரங்களையும் வெட்டிவிடுகிறது. ஷிஃப்ட் லென்ஸே வாங்கலாமே என்பது வலுவான மறுப்பு. கட்டடப் படத்தையே தொழிலாகக் கொண்டவர் அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் சந்தையில் உள்ளவை பெரும்பாலும் ஒரே குவியத்தூரம் கொண்டவை. நின்ற இடத்திலிருந்து நகர முடியாதபோது 105-க்கும் 210-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் நிறுத்தி, அதோடு ஷிஃப்ட்டும் செய்ய முடிவது இந்தப் பழைய இணைப்பில்தான் மலிவாகக் கிடைக்கிறது. மெதுவான வேலை, கனம், தானியங்கிக் குவிப்பு இல்லாமை ஆகியவை உண்மையே. ஓடும் குழந்தையைப் படமெடுக்க இது உதவாது. நிற்கும் கல்லுக்கும் மலைக்கும் முக்காலியில் வைத்து எடுப்பவருக்கு அவை குறையே இல்லை.

வாங்குவதற்கு முன் லென்ஸின் ஓரத்திலுள்ள ஏ-எம் விசையை எம் பக்கம் தள்ளி, துளை வளையத்தைத் திருப்பினால் இதழ்கள் உடனே சுருங்குகின்றனவா என்று பாருங்கள். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும். பல கண்ணாடித் துண்டுகள் உள்ள ஜூமைப் பிரித்துத் துடைக்கும் கூலி, பல நேரங்களில் லென்ஸின் விலையையே தாண்டிவிடும்.