காணாததை வரையும் கலை

கண்ணால் கண்ட பொருளைக் கண்டவாறே வரைதல் ஒருவகைத் திறன். எவரும் கண்டிராத பொருளைக் கண்டது போலவே தோன்றுமாறு வரைதல் மற்றொரு வகைத் திறன். இவ்விரண்டாம் வகையைக் கற்பனை ஓவியம் என்பர். சிறகு விரித்துப் பறக்கும் குதிரை, தீயை உமிழும் நாகம், முகிலின்மேல் நிற்கும் மாளிகை முதலியன உலகில் இல்லாதவை. ஆயினும் தேர்ந்த ஓவியரின் கை பட்டால் அவை உயிர்பெற்று உலவுகின்றன.

இக்கலை நேற்றுத் தோன்றியது அன்று. தமிழகத்துக் கோயில் மண்டபங்களில் தூண்தோறும் பாய்ந்து நிற்கும் யாளியைக் காணாதார் சிலரே. அரிமாவின் உடலும், பிதுங்கிய விழிகளும், சிலவற்றில் யானையின் துதிக்கையும் கொண்டு அது விளங்குகிறது. அதனைச் செதுக்கிய சிற்பி யாளியை எங்கும் கண்டதில்லை. ஆனால், பாயும் விலங்கின் உடல் முறுக்கையும், துதிக்கையின் வளைவையும் அவர் நன்கு அறிந்திருந்தார். அவ்வறிவே இல்லாத விலங்குக்கு இருப்பது போன்ற தோற்றத்தை அளித்தது.

இக்காலத்தில் கற்பனை ஓவியர் பலர் தாளையும் வண்ணக் கிண்ணத்தையும் விடுத்துக் கணினியிலேயே வரைகின்றனர். அழுத்தத்தை உணரும் பலகைமீது அதற்கென அமைந்த எழுதுகோலால் வரைந்தால் கோடுகள் திரையில் தோன்றும். அழுத்தினால் கோடு தடிக்கும். மெல்லத் தொட்டால் மெலியும். இதனை டிஜிட்டல் ஓவியம் என்று வழங்குவர். கதை நூல்களுக்கும், திரைப்படங்களுக்கும், கணினி விளையாட்டுகளுக்கும் இவ்வோவியங்கள் பெரிதும் பயன்படுகின்றன. கருவி இத்துணை எளிதாகிவிட்டமையால், கற்பனை ஒன்று இருந்தால் போதும், உடனே வரைந்துவிடலாம் என்று இளைஞர் சிலர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் பிழையானது என்பதை முன்னோர் இருவரின் வரலாறு நன்கு விளக்கும். ஒருவர் கண்டு வரைந்தவர். மற்றவர் காணாது வரைந்தவர்.

முன்னவர் இத்தாலி நாட்டு ஓவியர் லியோனார்டோ டா வின்சி. அவருடைய இளமைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை வசாரி என்பார் 1550ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓவியர் வரலாற்று நூலில் குறித்துள்ளார். உழவர் ஒருவர் அத்தி மரத்தால் செய்த கேடயம் ஒன்றைக் கொணர்ந்து, அதில் படம் எழுதித் தருமாறு லியோனார்டோவின் தந்தையை வேண்டினார். தந்தையார் அதனை மகனிடம் கொடுத்தார். கேடயம் கோணலாகவும் கரடுமுரடாகவும் இருந்தது. லியோனார்டோ உடனே வரையத் தொடங்கவில்லை. முதலில் அதனைத் தீயில் வாட்டி நிமிர்த்தினார். கடைசல்காரரிடம் கொடுத்து வழவழப்பாக்கினார். பின்னர் வெண்சுதை பூசி வரைவதற்கு ஏற்ற தளமாக்கினார்.

கேடயத்தைக் கண்டவர் அஞ்சி நடுங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கெனப் பல்லி, பாம்பு, வெட்டுக்கிளி, வண்ணத்துப்பூச்சி, வௌவால் முதலிய உயிர்களைத் திரட்டித் தம் அறையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றின் உறுப்பையும் உற்று நோக்கி, ஒன்றின் சிறகையும் மற்றொன்றின் செதிலையும் இணைத்து, இருண்ட பாறைப் பிளவிலிருந்து நஞ்சை உமிழ்ந்துகொண்டு வெளிவரும் கொடிய விலங்கு ஒன்றைத் தீட்டினார். இறந்த உயிர்களின் தீநாற்றம் அறையெங்கும் பரவியும், வேலையில் மூழ்கியிருந்த அவர் அதனை உணரவில்லையாம். ஓவியம் முடிந்தபின் அறைக்குள் நுழைந்த தந்தையார், அது படம் என்பதை மறந்து திடுக்கிட்டுப் பின்வாங்கினார் என்று வசாரி எழுதுகிறார். அக்கேடயம் இன்று இல்லை. ஆயினும், கற்பனை விலங்கு இயற்கையாய்த் தோன்ற வேண்டுமாயின் அதன் ஒவ்வோர் உறுப்பையும் உண்மையான விலங்கினின்றே எடுத்தல் வேண்டும் என்னும் கருத்தை லியோனார்டோவின் குறிப்பேடுகளில் இன்றும் காணலாம்.

மற்றவர் செருமனி நாட்டு ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர். கூரிய பார்வையும் ஓயாத உழைப்பும் உடையவர். குசராத்து மன்னர் இரண்டாம் முசாபர் ஷா போர்ச்சுக்கீசியருக்கு அளித்த காண்டாமிருகம் ஒன்று 1515ஆம் ஆண்டு மே மாதத்தில் லிஸ்பன் நகரை அடைந்தது. ஐரோப்பிய மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கண்டிராத அவ்விலங்கைப் பற்றிய செய்தி எங்கும் பரவியது. நூரம்பர்க் நகரில் வாழ்ந்த டியூரர் அதனை நேரில் காணவில்லை. எழுத்தில் வந்த வருணனையையும் பிறர் வரைந்த கோட்டுப்படத்தையும் துணைக்கொண்டு அதனை வரைந்து, மரக்கட்டையில் செதுக்கச் செய்து அச்சிட்டார். காண்டாமிருகத்தின் தோல் மடிப்புகள் அப்படத்தில் போர்வீரன் அணியும் இரும்புக் கவசத் தகடுகளாக மாறின. கால்களில் செதில்கள் முளைத்தன. தோளுக்கு அருகில் இல்லாத கொம்பு ஒன்றும் எழுந்தது.

படம் மிக அழகியது. அதனாலேயே அதன் பிழையும் நெடுங்காலம் வாழ்ந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியர் காண்டாமிருகம் இப்படித்தான் இருக்கும் என்று நம்பினர். நூலாசிரியர்களும் அதனையே பார்த்துப் பார்த்து வரைந்தனர். டியூரர் தவறியது கைத்திறனில் அன்று. பார்த்தறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டாமையாலேயே பிழை நேர்ந்தது. எத்துணைப் பெரிய கலைஞராயினும், காணாத இடத்தை அறியாமலேயே தாம் முன்பு அறிந்த ஏதேனும் ஒன்றால் நிரப்பிவிடுவார் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1839ஆம் ஆண்டில் ஒளிப்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டபின் ஓவியர்க்குப் புதிய துணை ஒன்று கிடைத்தது. நொடிப்பொழுதில் மறையும் அசைவையும், நேரில் செல்ல இயலாத இடத்தையும் அது நிலையாகப் பிடித்துத் தந்தது. வரைவதற்குத் துணையாகப் பார்க்கும் இத்தகைய படத்தை மாதிரிப் படம் என்பர். இன்றைய டிஜிட்டல் ஓவியர் அதனை எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். அந்தி வேளையில் ஏரிக்கரைப் பாறைமீது வந்து இறங்கும் சிறகுடைய யானை ஒன்றை வரைய வேண்டும் என்று கொள்வோம்.

ஓவியர் முதற்கண் செய்வது தீப்பெட்டி அளவில் சிறுசிறு குறிப்போவியங்களைக் கிறுக்கிப் பார்த்தலாகும். யானை படத்தின் நடுவில் இருப்பதா, ஓரத்தில் இருப்பதா? பார்ப்பவர் கீழிருந்து அண்ணாந்து நோக்குவதா, மலைமேலிருந்து குனிந்து நோக்குவதா? கீழிருந்து நோக்கினால் யானையின் பெருமை தோன்றும். மேலிருந்து நோக்கினால் ஏரியின் பரப்புத் தோன்றும். இத்தகைய கேள்விகளுக்குப் பத்துப் பன்னிரண்டு சிறு படங்கள் விடை கூறிவிடும். படம் சிறிதாதலின் நுணுக்கங்களில் மனம் சிக்காது. மொத்த அமைப்பே கண்ணுக்குப் புலப்படும்.

அமைப்பு முடிவானபின் மாதிரிகளைத் தேடுதல் அடுத்த படியாகும். இங்கு ஓவியர் தமக்குத் தெரியாதவை எவை என்று தம்மையே வினவிக்கொள்ள வேண்டும். யானையின் பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும்? அதன் பாதத்தின் அடிப்பகுதி எவ்வாறு இருக்கும்? பெரிய பறவை இறங்கும்போது உடலை எங்ஙனம் வைத்துக்கொள்ளும்? நீர்நிலையில் வந்து இறங்கும் கூழைக்கடாவின் படத்தைப் பார்த்தால், அது சிறகுகளை அகல விரித்து, உடலைச் சற்றே நிமிர்த்தி, கால்களை முன்னே நீட்டி வேகத்தைத் தணிப்பது தெரியும். பறவையின் சிறகு முதுகில் ஒட்டவைத்த விசிறி அன்று. அது முன்கையே ஆகும். மனிதர் கையில் உள்ளவாறே மேற்கை எலும்பு ஒன்றும், முழங்கைக்குக் கீழே எலும்புகள் இரண்டும், அவற்றின் முனையில் விரலெலும்புகளும் அதில் உண்டு. வௌவாலின் சிறகோ நீண்ட விரல்களுக்கு இடையே விரிந்த தோலாகும். இவற்றை அறிந்த ஓவியர், யானையின் தோளருகே வலிய தசைகளை அமைத்து அங்கிருந்து சிறகை எழச் செய்வார். அப்போதுதான் பார்ப்பவர் மனம் அச்சிறகு யானையைச் சுமக்கும் என்று நம்பும்.

மாதிரிப் படங்களைச் சேர்ப்பதில் இடர் ஒன்று உண்டு. யானையின் படம் நண்பகலில் எடுத்ததாக இருக்கலாம். கூழைக்கடாவின் படம் காலையில் எடுத்ததாக இருக்கலாம். இரண்டையும் அப்படியே ஒட்டினால் யானையின் நிழல் ஒருபக்கமும் சிறகின் நிழல் மறுபக்கமுமாக விழும். காரணம் கூற இயலாவிடினும், பார்ப்பவர் கண் அதனைப் பொய் என்று தள்ளிவிடும். இதற்குத் தீர்வாகச் சிலர் களிமண்ணால் சிறு உருவம் ஒன்று செய்து, விளக்கை வேண்டிய பக்கத்தில் வைத்து, நிழல் விழும் முறையைக் கண்டறிகின்றனர். மனிதரும் டைனோசர்களும் கூடி வாழும் தீவைப் படங்களால் காட்டும் 'டைனோடோப்பியா' என்னும் நூலை 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் கர்னி, இவ்வாறு சிறு உருவங்கள் செய்தும், மனிதர்க்கு உடையணிவித்து நிற்கச் செய்தும், அவற்றைப் பார்த்து வரையும் வழக்கம் உடையவர்.

ஒளிப்படமும் எப்பொழுதும் மெய்யே கூறும் என்பதற்கில்லை. மிக அண்மையில் நின்று அகன்ற வில்லையால் எடுத்த படத்தில் யானையின் துதிக்கை பருத்தும் உடல் சிறுத்தும் தோன்றும். நிழலான இடம் வெறுங்கருமையாகவும், ஒளிமிக்க வானம் வெறும் வெண்மையாகவும் போய்விடுதல் உண்டு. மனிதர் கண்ணோ நிழலுக்குள்ளும் பல நிறங்களைக் காண வல்லது. ஆதலின் மாதிரிப் படத்தோடு நில்லாமல், மரத்தையும் பாறையையும் நீரையும் நேரில் நோக்கிப் பயின்றவரே படம் கூறும் பொய்யைத் திருத்தி வரைவர்.

அடுத்து ஒளிநிழல் ஆய்வு நிகழும். வண்ணம் எதுவுமின்றிக் கருமை, வெண்மை, அவற்றிற்கு இடைப்பட்ட இரண்டொரு சாம்பல் நிறங்கள் ஆகியவற்றால் மட்டும் படத்தைத் தீட்டிப் பார்ப்பர். இடையே காற்று மிகுதலால் தொலைமலை வெளிறித் தோன்றும். அண்மைப் பாறை கருமையுடன் விளங்கும். பின்னர் வண்ண ஆய்வு. அந்தியில் கதிரவன் ஒளி வளிமண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருவதால் நீல ஒளி சிதறிப்போக, செவ்வொளியே மிகுதியாக எஞ்சுகிறது. எனவே யானையின் ஒளிபட்ட பக்கம் செம்பொன்னாகவும், நிழற்பக்கம் வானத்தின் நீலம் கலந்தும் தோன்ற வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே ஓவியர் பெரிய படத்தைத் தொடங்குவார்.

இங்குக் கணினி அரிய துணை புரிகிறது. போட்டோஷாப் என்னும் மென்பொருளில் 1994ஆம் ஆண்டு முதல் அடுக்கு முறை அமைந்தது. கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போல, வானத்தை ஓர் அடுக்கிலும், மலையை ஓர் அடுக்கிலும், யானையை ஓர் அடுக்கிலும் வரையலாம். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடாது. ஆனால் இவ்வெளிமையே சிலரைச் சோம்பலில் ஆழ்த்துகிறது. எதையும் அழிக்கலாம் என்னும் துணிவால் சிந்தியாமல் தொடங்கி, நாள் முழுதும் திருத்தித் திருத்திச் சலிப்பவர் உளர்.

அதனினும் பெரிய தவறு ஒன்று உண்டு. பிறர் எடுத்த ஒளிப்படத்தை அவ்வாறே படியெடுத்துத் தம் ஓவியம் என்று கூறுதல் நேர்மை ஆகாது. ஒளிப்படமும் ஒருவரின் உழைப்பே. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதற்கும் காப்பு அளிக்கிறது. கூடுமாயின் தாமே படம் எடுத்தல் நன்று. இயலாதபோது இசைவு பெறுதல் கடமை. ஒரே படத்தைப் பற்றிக்கொள்ளாமல் பல படங்களை ஒப்பிட்டுக் கற்று, கற்றதைக்கொண்டு வரைபவரே அதனைத் தம் படைப்பு என்று உரிமையுடன் கூறலாம்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. கற்பனை ஓவியர்க்கு உலகைக் கூர்ந்து நோக்கும் பழக்கமே அச்சுவர். கோணிய கேடயத்தை நிமிர்த்துவதிலும், பல்லியின் செதிலை நோக்குவதிலும் லியோனார்டோ கழித்த நாட்கள் வீண் நாட்கள் அல்ல. தந்தையாரைத் திடுக்கிடச் செய்த விலங்கு அந்நாட்களிலேயே பிறந்தது. யானை நடக்கும் நடையையும், பறவை இறங்கும் முறையையும், அந்தி ஒளி பாறையில் படியும் வகையையும் இன்று பொறுமையோடு கண்டு பழகும் மாணவர், நாளை எவரும் காணாத உலகத்தையும் பிறர் நம்புமாறு தீட்டிக் காட்ட வல்லவர் ஆவர்.