முட்டைக்குக் குடை பிடிக்கும் பறவை
கோடைக் கூடுகள் – 6

அடைகாப்பது என்றால் முட்டைக்குச் சூடு கொடுப்பது. வீட்டுக் கோழியைப் பார்த்து நமக்குப் பழகிப்போன எண்ணம் இது. சித்தூர் மாவட்டத்து நகரியிலும் திருப்பதி மாவட்டத்துப் புத்தூரிலும் சித்திரை பிறந்துவிட்டால் அந்த வேலை தலைகீழாகிவிடும். முட்டைக்குள் கரு வளர 37, 38 டிகிரி போதும். மே மாதத்தில் திருப்பதியில் நிழலிலேயே 42 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. வெயில் நேரே விழும் வெறுந்தரை 50-ஐயும் கடந்துவிடும். தாய்ப்பறவை சிறிது நேரம் அகன்றாலும் கரு செத்துப்போகலாம். இந்த மாதங்களில் பகல் முழுக்க அடைகாப்பது என்பது, முட்டை சூடாகாமல் பார்த்துக்கொள்வதுதான்.

இதை ஆட்காட்டியிடம் பார்க்க வேண்டும். வேர்க்கடலை பிடுங்கியபின் சும்மா கிடக்கும் கொல்லையில்தான் அது முட்டையிடும். கூடு என்று பெரிதாக எதுவும் கிடையாது. தரையில் சின்னக் குழி, சுற்றிலும் பொடிக்கற்கள், நடுவே பெரும்பாலும் நான்கு முட்டைகள். மண் நிறம், அதில் கரும்புள்ளிகள். காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. ஆணும் பெண்ணுமாக மாறி மாறி ஏறக்குறைய ஒரு மாதம் காக்கின்றன.

காலையில் முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் பறவை, வெயில் ஏற ஏற எழுந்து நின்றுவிடும். நெடுங்கால்களை ஊன்றி, தன் உடம்பின் நிழல் முட்டைகள் மேல் விழும்படி, அலகைத் திறந்து மூச்சிரைத்தபடி நிற்கும். துணைப்பறவை வந்து முறை மாற்றும்போது அதன் மார்பையும் வயிற்றையும் கவனியுங்கள்: நனைந்திருக்கும். ஏதோ ஒரு மோட்டார்க் கொட்டகைத் தொட்டியிலோ வாய்க்காலிலோ இறங்கி, இறகை ஊறவைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் அமரும். ஈரம் ஆவியாக ஆவியாக முட்டை குளிரும். ஏரி வற்றிய வருடங்களில் இந்தத் தண்ணீருக்காக அது எவ்வளவு தூரம் பறக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனம் கனத்துவிடும்.

இத்தனை பாடுபடும் பறவையை எங்கள் பக்கம் அபசகுனம் என்பார்கள். தெலுங்கில் தீதுவு பிட்ட. ராத்திரி அது கத்தினால் அக்கம்பக்கத்து அவ்வாக்கள், “யார் வீட்டுக்கு என்ன கேடோ” என்பார்கள். சில பிள்ளைகள் கல்லெடுத்து எறிவதும் உண்டு. நாயோ கீரியோ முட்டைக்கு அருகே வந்திருக்கும்; அதனால்தான் அந்தக் கூச்சல். கேடு வந்திருப்பது அதன் வீட்டுக்கு. டார்ச்சை எடுத்துப்போய் நாயை விரட்டிவிடுவதுதான் நியாயம்.

மல்லிப் பந்தலில் கூடு வைக்கும் கொண்டைக்குருவிக்கு இலை நிழல் உதவுகிறது. வெயில் சாய்ந்து உள்ளே நுழையும் நேரத்தில் அதுவும் குஞ்சுகளுக்கு மேல் சிறகை விரித்து நிற்கும். பந்தலின் மேற்குப் பக்கம் அடர்ந்திருந்தால் குஞ்சுகளுக்கு நல்லது. அழகுக்காக அந்தப் பக்கத்தைக் கோடையில் வெட்டிவிடாதீர்கள். முட்டை பொரிந்து குஞ்சு பறக்க ஒரு மாதம்கூட ஆகாது.

ஒரு வீட்டுப் பந்தலில் நடப்பது ஒரு பள்ளத்தாக்கு முழுவதிலும் நடந்திருக்கிறது. 2022 வரை சித்தூரோடு இருந்த மதனபள்ளிக்கு அருகில், ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷி வேலிப் பள்ளியைச் சுற்றிய குன்றுகள் ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்தவை. மரம் நட்டு, மேய்ச்சலைத் தடுத்து, மழைநீரைத் தேக்கினார்கள். 1991-ல் அந்தப் பள்ளத்தாக்கு பறவைகளுக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 200-க்கும் மேற்பட்ட பறவை வகைகளை அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். தென்னிந்தியப் பாறைக்குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத மஞ்சள் தொண்டைச் சின்னானும் அவற்றில் ஒன்று.

நம் கொல்லைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஆட்காட்டி நடந்து இறங்கும்படி, ஆழமில்லாத அகன்ற மண்தட்டு ஒன்றில் தண்ணீர் ஊற்றித் தரையிலேயே வையுங்கள். முட்டைக்கு மிக அருகில் வேண்டாம். தண்ணீருக்கு நாயும் வரும்.

அடுத்த வாரம், பெங்களூரா மாங்காய் அறுவடைக்கு வருகிற தோப்பில் காக்கையையும் பருந்தையும் விரட்டியடிக்கும் கரிச்சானையும், அதை நம்பி அதே மரத்தில் குடியேறும் மற்றப் பறவைகளையும் பார்ப்போம்.