இரு மின்னஞ்சல் வழங்கிகளும் மாற்றுப் பாதைகளும்

கருத்துப் பரிமாற்றத்தை ஆராய்வோர் பெரும்பாலும் கருத்தின் உள்ளடக்கத்தையே நோக்குவர். அதனைச் சுமந்து செல்லும் பாதையின் பௌதிக அடிப்படையை நோக்குவதில்லை. அப்பாதை யாருடைய உடைமை, அது அறுபடின் எஞ்சுவது யாது என்பனவும் சமூக வரலாற்று வினாக்களேயாம்.

1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, தொலைபேசி இணைப்பின் வழியே இயங்கும் மின்னஞ்சற் சேவை இலங்கைக் கல்வியுலகில் தொடங்கிற்று. அதே ஆண்டு யூனில் போர் மீண்டும் மூள, யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தையும் தொலைபேசியையும் இழந்தது. ஒரு பகுதி புதிய சாதனத்தைப் பெற்ற வேளை மற்றொரு பகுதி பழையதையும் இழந்தது. ஏற்றத்தாழ்வான வளர்ச்சி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்று ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் வழங்கிகளுள் ஒன்று யாழ்ப்பாணத்திலும் மற்றையது கொழும்பிலும் உள்ளன எனக் கொள்வோம். இவற்றிடையே ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகளை எவ்வாறு அமைக்கலாம்? அஞ்சலைப் பெறும் வழங்கிக்கு, இணைப்புக்கு ஒன்றாக இரு முகவரிகள் வழங்கப்படும். இணையப் பெயர்களின் பதிவேடாகிய டி.என்.எஸ்ஸில் அம்முகவரிகளுக்குரிய வழங்கிப் பெயர்கள் 'எம்.எக்ஸ்.' பதிவுகளாக, முன்னுரிமை எண்களுடன் இடம்பெறும். எண்கள் 10, 20 என இருப்பின், அனுப்பும் வழங்கி சிறிய எண்ணுக்குரியதையே முதலில் நாடும். அது கிட்டாவிடின் அடுத்ததை நாடும். எண்கள் சமமாயின் சுமை இரண்டிற்கும் பகிரப்படும். இரண்டும் கிட்டாதபோதும் மடல் உடனே அழிவதில்லை, வரிசையிற் காத்திருக்கும். குறைந்தது நான்கைந்து நாட்களுக்கு மீண்டும் மீண்டும் முயலவேண்டும் என்பது அஞ்சல் நெறிமுறையின் பரிந்துரையாகும்.

அனுப்பும் பக்கத்திலும் இரு இணைப்புகள் இருப்பின், மடல் எவ்வழியே வெளியேறுகின்றதோ அவ்வழியின் முகவரியே பெறும் வழங்கிக்குப் புலப்படும். இரு முகவரிகளும் அஞ்சல் அனுப்பும் உரிமை பெற்றவை என்பது 'எஸ்.பி.எஃப்.' பதிவிற் குறிக்கப்படல் வேண்டும். அன்றேல் மாற்றுப் பாதையால் வரும் மடல் போலியென ஒதுக்கப்படலாம். நெருக்கடிக்கென அமைத்த பாதை நெருக்கடியிலேயே பயனற்றுப்போகும்.

எனினும், முகவரிகள் இரண்டாவதனால் மட்டும் பாதைகள் இரண்டாகிவிடா. 2006 ஓகத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது குடாநாட்டு மக்களுக்குக் கடலும் வானுமே எஞ்சின. 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே, ஆனையிறவைத் தவிர்த்துப் பூநகரி வழியே செல்லும் இடையறாத இரண்டாவது தரைவழி வாய்த்தது. கம்பிகளுக்கும் இது பொருந்தும். இரு கம்பனிகளிடம் இணைப்புப் பெற்றாலும், இரண்டின் கம்பிகளும் ஒரே வீதியோரம் ஒரே குழியிற் செல்லுமாயின், ஒரு மண்வெட்டி இரண்டையும் அறுத்துவிடும். இரண்டும் ஒரே மின்வழங்கலைச் சார்ந்திருப்பினும் நிலைமை அதுவே.

எனவே, இணைப்புகளை எண்ணுவதோடு அமையாது, அவை எவ்விடத்தில் ஒன்றுகூடுகின்றன என்பதை நாம் ஆராய்தல் வேண்டும். முதல் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, மடல் மற்றையதால் சென்றடைகின்றதா எனக் காலத்துக்குக் காலம் சோதித்தலும் வேண்டும். ஒற்றைப் பாதையை நம்பி வாழும் சமூகம், அப்பாதையைக் கட்டுப்படுத்துவோரின் தயவிலேயே பேசவேண்டியிருக்கும்.