அந்த மின்னஞ்சல் முகவரி யாருடையது?

மூலனூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா போன மாதம் என் அலுவலகத்துக்கு வந்தார். ஒன்றரை ஏக்கரில் செடிமுருங்கை. காய் விலை படுத்துவிடும் மாதங்களில் கீரையை உருவி, நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, 100 கிராம் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். "ஏனுங்க சார், தாராபுரத்துக் கடைக்காரரு பாக்கெட்டையெல்லாம் திருப்பி அனுப்பிட்டாருங்க. நம்பர் செல்லாதுங்கறாரு" என்று ஒரு பாக்கெட்டை மேசையில் வைத்தார்.

அதில் அச்சாகியிருந்த 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மூன்று வருடத்துக்கு எடுத்த பதிவு. புதுப்பிக்கச் சொல்லித் தகவல் ஏதும் வரவில்லையா என்று கேட்டால், "ஒண்ணும் வரலீங்க" என்றார். விண்ணப்ப நகலை வாங்கிப் பார்த்தேன். மின்னஞ்சல் இருக்கவேண்டிய இடத்தில், அன்றைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டர் பையனின் முகவரி. அந்தக் கடையை மூடியே நாளாகிறது. செல்போன் எண்ணாவது இருக்கிறதே என்றால், அது அவர் கணவருடைய பழைய சிம். அந்த எண்ணுக்கு அழைத்தோம். யாரோ ஒருவர் எடுத்து 'ராங் நம்பர்' என்று வைத்துவிட்டார். ஆக, எந்தத் தகவல் அனுப்பினாலும் இந்த அம்மாவின் கண்ணில் படாது.

பழைய எண்ணைப் புதுப்பிக்கும் காலம் கடந்துவிட்டதால் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. புதிய பதிவு என்றால் புதிய எண். பழைய எண் அச்சடித்த கவர் இன்னும் இரண்டாயிரம் அவர் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது.

பிரவுசிங் சென்டர்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. வந்தவருக்கு மின்னஞ்சல் கிடையாது, பின்னால் பத்துப் பேர் வரிசை. அவர் தன் முகவரியைத் தட்டிவிட்டு வேலையை முடித்துக் கொடுக்கிறார். உதவியாகத்தான் செய்கிறார். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து உங்கள் கணக்கின் சாவி அவரிடம் இருக்கிறது. கடவுச்சொல் மறந்தால் மாற்றுவதற்கான இணைப்பு அங்கேதான் போகும். ஓ.டி.பி. அங்கே போகும், புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் அங்கேதான் போகும்.

முதல் வேலையாக, வீட்டில் இருக்கிற விண்ணப்ப நகல்களையெல்லாம் எடுத்து, எதில் யாருடைய முகவரி, எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களிடம் அநேகமாக ஒரு ஜிமெயில் முகவரி ஏற்கெனவே இருக்கும். கூகுள் கணக்கு இல்லாமல் பிளே ஸ்டோரில் எந்தச் செயலியையும் இறக்க முடியாது. மகனோ கடைக்காரரோ உருவாக்கிக் கொடுத்திருப்பார்கள், முகவரியும் கடவுச்சொல்லும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் உங்கள் பெயரில் புதிதாக ஒன்று உருவாக்குங்கள்.

அடுத்தது, அந்த மின்னஞ்சலுக்கு உள்ளே மீட்பு எண் என்று ஒன்று உண்டு. கடவுச்சொல் மறந்தால் கைகொடுப்பது அதுதான். அது நீங்கள் இப்போது பேசும் எண்ணாக இருக்கவேண்டும். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். மாற்றலாகிப் போனபோது சிம்மை மாற்றினேன், மீட்பு எண்ணை மாற்றவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கடவுச்சொல் மறந்தபோது, பூச்சித் தாக்குதல் படங்களாக நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்தக் கணக்கோடு போய்விட்டது. வேளாண் பட்டம் வாங்கியவன் கதை இது! இன்னொன்று: இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். பயன்படுத்தாவிட்டாலும் அவ்வப்போது திறந்து பாருங்கள்.

இதற்குப் பிறகுதான் பதிவுக் கணக்குகளில் முகவரியை மாற்றவேண்டும். பழைய முகவரி உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள், இதுதான் முக்கியம். பல தளங்களில், மாற்றுவது நீங்கள்தானா என்று உறுதிசெய்யப் பழைய முகவரிக்கோ பழைய எண்ணுக்கோ ஓர் ஓ.டி.பி. போகும். சென்டர் பையன் ஊரில் இருக்கும்போது, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் பத்து நிமிட வேலை. அவர் வெளியூர் போய்விட்டாலோ, ஆதார் நகலோடு அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியிருக்கும். மாற்றியபின் வெளியே வந்து, புது முகவரியில் ஒருமுறை உள்ளே நுழைந்து பாருங்கள். அது வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகே பழையதை விடலாம்.

செல்போன் எண்ணுக்கும் இதே கதைதான். ப்ரீபெய்டு எண்ணை 90 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் நிறுத்திவிடுவார்கள், பிறகு அது வேறொருவர் கைக்குப் போய்விடும். பி.எம். கிசானில் வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. தவணை நின்றுபோய் என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு நிலத்திலோ பட்டாவிலோ சிக்கல் இருக்காது. ஓ.டி.பி. செத்துப்போன எண்ணுக்குப் போயிருக்கும், இ-கே.ஒய்.சி. முடிந்திருக்காது. அந்தத் தளத்திலேயே செல்போன் எண்ணைத் திருத்தும் வசதி இருக்கிறது. ஆதாரில் உள்ள எண்ணை மாற்ற எந்த ஆவணமும் வேண்டாம். ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும். மையம் தூரமென்றால் ஊருக்கு வரும் தபால்காரரைக் கேளுங்கள், அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கி வழியாக 2021 முதல் அவர்களும் இதைச் செய்து தருகிறார்கள். கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள். கூடுதலாகக் கேட்டால் 1947-ல் புகார் சொல்லலாம்.

பெண்கள் பெயரில் நிலம் இருக்கும் வீடுகளில் எண் மட்டும் கணவருடையதாகவோ மருமகனுடையதாகவோ இருக்கிறது. எண்ணுக்குரியவர் இறந்துவிட்டால், துக்கத்துக்கு நடுவில் யாரும் சிம்மை ரீசார்ஜ் செய்வதில்லை. நிலம் யார் பெயரிலோ, எண்ணும் முகவரியும் அவருடையதாகவே இருக்கட்டும்.

'பி.எம். கிசான் விவரத்தைப் புதுப்பிக்க இதை இறக்குங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு சுற்றுகிறது. தொடாதீர்கள். எந்த அலுவலகமும், என் அலுவலகம் உட்பட, போனில் ஓ.டி.பி. கேட்காது. ஏமாந்து பணம் போனால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

மூலனூர் அம்மாவுக்குப் புதிய பதிவு எண் வந்துவிட்டது. இந்த முறை மின்னஞ்சல் அவருடையது. பன்னிரண்டாவது படிக்கும் மகள் முகவரியை நோட்டில் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறாள். பழைய கவர்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி விற்கலாமா என்று கேட்டார். நீங்களாக ஒட்டாதீர்கள், உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பதில் அந்தப் புது முகவரிக்குத்தான் வரவேண்டும்.