கல்லில் குடியிருக்கும் குடும்பம்

சமையலறையில் மசாலாச் சாமான் போட்டு வைத்திருக்கும் டின்னைத் திறந்து பாருங்கள். பட்டை, கிராம்பு, சோம்பு ஆகியவற்றுக்கு நடுவே, கறுப்பும் சாம்பலுமாய், காய்ந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டாற்போல ஒன்று கிடக்கும். கல்பாசி! ஆட்டுக்கறிக் குழம்புக்குத் தனி மணம் கொடுப்பது அதுதான். "சார், இது செடியா, காளானா, பாசியா?" என்று என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்கு உலகத்து அறிஞர்களே வெகுகாலம் தவறாக விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1867ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த சைமன் சுவெண்டனர் என்பவர்தான், இது ஓர் உயிர் அல்ல, இரண்டு உயிர்கள் சேர்ந்து நடத்தும் குடும்பம் என்று சொன்னார். காளான் வீடு கட்டுகிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அதற்குள் குடியிருக்கும் பாசி வெயிலை வாங்கிச் சமையல் செய்கிறது. இதைக் கேட்டு அக்காலத்து அறிஞர்கள் பலர் கோபப்பட்டார்களாம். இன்று பள்ளிப் பிள்ளைகளே இதைப் படிக்கிறார்கள். இத்தகைய கூட்டுக் குடும்பத்தை அறிவியலில் லைக்கன் என்பார்கள்.

கல்பாசி மரப்பட்டையிலும் பாறையிலும் வளரும். அதன் உறவினர்களைத் தேடி எங்கும் போக வேண்டாம். கோயில் படிக்கட்டு, பழைய தண்ணீர்த் தொட்டி, இடுகாட்டு நடுகல் எல்லாவற்றிலும் வெள்ளை வட்டமாக, சாம்பல் தேமலாக, கறுப்புக் கறையாக ஒட்டிக்கொண்டிருப்பவை அவையும் அவற்றின் கூட்டாளிகளும்தான். நாமோ எல்லாவற்றையும் 'பாசி' என்று ஒரே பெயரில் அழைத்து, 'அழுக்கு' என்று தேய்க்கிறோம்.

நானும் தேய்த்தவன்தான். அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்திய வாரம், தோட்டத்து இடுகாட்டைச் சுத்தம் செய்ய கோத்தோங் ரோயோங் போட்டோம். பெரிய பிள்ளைகளுடன் நானும் போனேன். நடுகற்கள் கறுத்துக் கிடந்தன. கழிவறை கழுவும் ஆசிட்டும் கம்பித் தூரிகையும் வாங்கிக் கொடுத்தது நான்தான். ஊற்றினோம், நுரைத்துப் பொங்கியது. தேய்த்தோம், கல் பளிச்சென்று வெளுத்தது. எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் சூடம் கொளுத்த வந்த ஒரு பாட்டி, கணவரின் கல்லை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "ஏன் வாத்தியாரே, அவரு பேரு எங்க போச்சு?" என்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

நுரைத்துப் பொங்கியது அழுக்கு அல்ல. சிமெண்டும் சலவைக்கல்லும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. ஆசிட் பட்டால் அந்தச் சுண்ணாம்பே கரைந்து போகும். ஆழமில்லாமல் வெட்டிய எழுத்து எப்படி நிற்கும்?

அதன் பிறகுதான் இந்தக் கறையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

வெறும் கல்லில் முதலில் குடியேறுவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். காற்றில் தூசியோடு வரும், மழையோடு இறங்கும். அவற்றில் முக்கியமானது நீலப்பச்சைப் பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் அது பாக்டீரியா இனம். 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இவ்வுலகில் வாழ்ந்த பழைய குடி! வெயில் சுடாமலிருக்க அதில் பலவகை தன்மேல் ஒரு கருஞ்சாயத்தைப் பூசிக்கொள்கிறது. அலோர்ஸ்டார் பக்கம் போகிறவர்கள் குனோங் கெரியாங் சுண்ணாம்புக் குன்றைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய குன்றுகளில் மழைநீர் வழியும் தடமெல்லாம் மை ஊற்றினாற்போல் கறுத்திருப்பது பெரும்பாலும் இவற்றின் வேலை. பால்மரத்து அடியிலும் பழைய சுவரிலும் காவி நிறத்தில் படர்வது வேறு ஆள். 'டிரென்டிபோலியா' என்ற அது பச்சைப்பாசி வகையைச் சேர்ந்தது; கேரட்டுக்கு நிறம் தருகிற சாயக் குடும்பம்தான் அதன் பச்சையை மறைக்கிறது.

இவை ஒரு வழவழப்பான பசையைச் சுரந்து கல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. மழையில் பசை உப்பும், வெயிலில் சுருங்கும். பகலெல்லாம் வெயில், மாலையில் மழை என்றிருக்கும் நம் கெடாவில் இது ஆண்டுக்கு எத்தனை தடவை நடக்கும், எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் மேற்பரப்பின் மணிகள் கொஞ்சம் அசைகின்றன. பிறகு காளான் வருகிறது. அதன் இழை முடியைவிட மெல்லியது. கல்லின் விரிசலுக்குள் புகுந்து ஆக்ஸாலிக் அமிலம் போன்றவற்றைக் கசியவிடுகிறது. லைக்கன் வருகிறது. கல்லோடு கல்லாக ஒட்டும் லைக்கன்களில் பல ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் கண்டால், அது உங்களைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம்!

இதையெல்லாம் கேட்டுவிட்டு இவை பகைவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜெராய் மலை ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரமுள்ள, கருங்கல்லும் கொண்ட மலை. கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் பொருளை மழைநீரும் இந்த நுண்ணுயிர்களும் வேர்களும் சேர்ந்து மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றுகின்றன. அப்போது பொட்டாஷ் சத்தும் வெளிப்படுகிறது. மலையடிவாரத்து மண் உருவானதில் இவற்றுக்கும் பங்குண்டு. மூட்டை மூட்டையாக உரம் சுமந்தவர்களுக்குப் பொட்டாஷின் அருமையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மண் உண்டாக்கும் வேலை மலையில் நடந்தால் நமக்கு வரம். எழுத்துள்ள கல்லில் நடந்தால்தான் வருத்தம்.

மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். அங்கே ஓடைக்கரையில் புக்கிட் பத்து பகாட் சண்டி நிற்கிறது. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் அகழ்ந்து, 1960ஆம் ஆண்டு வாக்கில் அலஸ்டேர் லாம்ப் மேற்பார்வையில் மீண்டும் எடுத்துக் கட்டப்பட்ட கருங்கல் கோயில் அடித்தளம் அது. கடாரம் என்று நம் வரலாறு பேசுகிற நாட்டின் மிச்சம். மரநிழலில் அந்தக் கற்களின் மேல் வெள்ளை வட்டங்கள், இடுக்குகளில் பசும்பாசி. ஒரு கறுப்புத் திட்டின்மேல் புட்டித் தண்ணீரைச் சிறிது சொட்டச் சொன்னேன். சில நிமிடத்தில் கறுப்பு பச்சையானது. "உயிரோட இருக்கு சார்!" என்று ஒரு பையன் கத்தினான்.

கூலிமிலிருந்து எல்லை தாண்டினால் புக்கிட் மெர்தாஜாம். அங்கே புனித அன்னாள் தேவாலயத்தை ஒட்டிய செரோக் தோக்குனில் ஒரு கருங்கல் பாறை இருக்கிறது. 1845இல் கர்னல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்துச் சொன்ன பழங்கல்வெட்டு அதில் உண்டு. பல்லவ எழுத்து வகையைச் சேர்ந்தது. நான் போய் நின்றபோது, எது எழுத்து, எது பாறையின் சொரசொரப்பு என்று பிரித்தறியவே பாடாய்ப் பட்டது. பல நூற்றாண்டு மழை, வெயில், பாசி எல்லாம் சேர்ந்து செய்த வேலை. நான் ஒரே காலையில் செய்ததைச் செய்ய அவற்றுக்கு அத்தனை காலம் தேவைப்பட்டிருக்கிறது!

பாசியை எடுப்பதைவிட ஈரத்தை விலக்குவதே பெரிய வைத்தியம் என்பதை ஜாவாவின் போரோபுதூர் காட்டுகிறது. 1973 முதல் 1983 வரை நடந்த திருத்த வேலையில் கற்களைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். ஆனால் அதோடு விடவில்லை. உள்ளிருக்கும் மண்மேட்டு ஈரம் கல்லில் ஊறாதபடி அடியில் வடிகால் வைத்துத் திரும்ப அடுக்கினார்கள். இன்னொரு வேடிக்கை: சீனப் பெருஞ்சுவரின் மண்ணால் இடித்துக் கட்டிய பகுதிகளில், மேலே படர்ந்த நுண்ணுயிர்ப் பாசிப் படலமே மழை அரிப்பைத் தடுக்கிறது என்று 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆக, எல்லாப் பாசியையும் எடுத்தே தீர வேண்டும் என்பதுகூட இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கல்லைச் சுத்தம் செய்யப் போகிறீர்களா? ஆசிட், குளோராக்ஸ், கம்பித் தூரிகை, தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் நான்கையும் வீட்டிலேயே வையுங்கள். கல்லின் மேல் கவிந்திருக்கும் கிளையை வெட்டுங்கள். காலடியில் தண்ணீர் தேங்கினால் சிறு வாய்க்கால் எடுங்கள். பிறகு கல்லை நன்றாக நனைத்து, ஊறவிட்டு, மென்மையான தூரிகையால் தேயுங்கள். கெட்டியாக ஒட்டியதை மரக்குச்சியால் நெம்பலாம். வராததை விட்டுவிடுங்கள். எழுத்து உதிரும் நிலையில் இருந்தால் தொடவே வேண்டாம்.

முதல் வேலையாக, பொழுது சாய்ந்தபின் போய், டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது; பக்கத்திலிருந்து அடித்தால் மயிரிழைப் பள்ளத்திலும் நிழல் விழும்.

பாட்டியின் கல்லுக்கும் அப்படியே டார்ச் அடித்துப் பார்த்தேன். பெயரின் முதல் எழுத்தும், பிறந்த ஊரின் பெயரில் பாதியும், இறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் தெரிந்தன. மீதியைப் பாட்டி சொல்லச் சொல்ல ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அன்று தொடங்கிய புத்தகத்தில் இப்போது எங்கள் இடுகாட்டின் 43 கற்கள் இருக்கின்றன. மேற்கு வரிசை இன்னும் பாக்கி.