தற்பரிவு: மனநலத்தின் முதல் அரண்

தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவரையும், இடமாற்ற ஆணையை எதிர்நோக்கும் அலுவலரையும் வேலைப்பளுவைவிட மிகுதியாக வாட்டுவது நிச்சயமின்மையே ஆகும். அக்காலத்தில் தம்மையே கடிந்துகொள்வோர் பலர். நண்பரின் தோல்விக்கு ஆறுதல் கூறுபவர்கூட, அந்த ஆறுதலைத் தமக்கு மறுத்துவிடுகிறார்.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-ஆம் ஆண்டில் தற்பரிவின் மூன்று கூறுகளை வகுத்துரைத்தார். தன்னிடம் கனிவு காட்டுதல், துன்பம் மனிதர் யாவர்க்கும் பொது என உணர்தல், வேதனையை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் நோக்குதல் என்பன அவை. இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதன்று. பிழையை ஒப்புக்கொண்டு மீண்டும் முயலும் துணிவு, தன்னை இகழ்வதால் குன்றுகிறது; பரிவினால் வளர்கிறது.

துன்பம் பொதுவானது என்பதற்குச் சான்றும் உண்டு. 2015-16இல் 12 மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் குறைபாடு இருப்பதைக் கண்டது.

சட்டமும் பரிவின் பக்கமே திரும்பியுள்ளது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரை, மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் விதிக்கிறது.

போதிய உறக்கம், வேளைக்கு உணவு, சிறிது நடை, வதந்திகளைத் தேடி அலையாமை, இன்று செய்யக்கூடிய பணியை மட்டும் மேற்கொள்ளுதல் ஆகியவை எவர்க்கும் இயல்வன. இவற்றாலும் தணியாத துயருக்கு உதவி நாடுவது பலவீனமன்று. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை, 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் ஆலோசனை வழங்குகிறது. சட்டம் காட்டும் பரிவை மனிதர் தமக்கும் காட்டிக்கொள்வதே முறையாகும்.