கடைசித் தவணைக்குப் பின்னும் நிலைக்கும் மரத்தளம்

வீட்டு மேம்பாட்டுக் கடன் கோரும் விண்ணப்பங்களுடன் எங்களிடம் வரும் மதிப்பீடுகளில், கொல்லைப்புற மரத்தளமும் அண்மைக் காலமாக இடம்பெறுகிறது. ஒப்பந்தக்காரர்கள் ‘டெக்’ எனக் குறிப்பிடும் இது, தரையிலிருந்து சற்று உயர்த்திச் சட்டங்களின்மேல் பலகை பரப்பி அமைக்கப்படும் திறந்த தளமாகும். கூரையில்லாத இத்தளம் வெயில், மழை, பனி ஆகிய மூன்றையும் நேராகத் தாங்க வேண்டும். கடன் தீருமுன் பலகை உளுத்துவிட்டால், பயன்படாத தளத்துக்குத் தவணை செலுத்தும் நிலை நேரும். ஆகவே, பணம் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மரம் அறுக்கப்பட்ட பின்னும் காற்றின் ஈரத்தை ஏற்று விரியும், வறட்சியில் சுருங்கும். இம்மாற்றம் நீளத்தில் மிகக் குறைவு, அகலத்திலேயே மிகுதி. மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என வரையறுக்கும் இந்தியத் தரநிலை 287, காற்றின் ஈரப்பதத்தைக் கொண்டு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பகுக்கிறது. ஜெய்ப்பூரின் கோடையில் நன்கு உலர்ந்த பலகைகளை நெருக்கிப் பொருத்தினால், மழைக்காலத்தில் அவை ஒன்றையொன்று தள்ளி மேலெழும். கொச்சியில் ஈரப் பலகையைப் பொருத்தினால், அது உலரும்போது வளைந்து வெடிக்கும். பலகை உள்ளூர்த் தட்பவெப்பத்துக்கு ஏற்ப உலர்ந்திருப்பதும், பலகைகளுக்கிடையே 3 முதல் 6 மில்லிமீட்டர் இடைவெளி விடுவதும் இன்றியமையாதவை.

தேக்கு நீடித்துழைப்பது அதன் வைரம் பாய்ந்த நடுப்பகுதியால்தான். வெளிப்புற வெண்மரத்துக்கு அவ்வலிமை இல்லை. மலிவான பைன் மரமாயின், மருந்தேற்றிப் பதப்படுத்தியதா எனக் கேட்டறிய வேண்டும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை எளிதில் உளுக்காது. ஆயின் வெயிலில் மிகவும் சூடேறும், நீளவாக்கில் விரியும். அதன் முனைகளிலும் இடைவெளி தேவை.

பலகையைவிட அடித்தளமே ஆயுளைத் தீர்மானிக்கிறது. தளத்தின் அடியிலுள்ள நிலம், வீட்டிலிருந்து விலகி மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்ற அளவிலேனும் சரிய வேண்டும். மரத்தூண்களை மண்ணில் புதைக்காமல், கான்கிரீட் பீடத்தின் மேல் உலோகத் தாங்கியில் நிறுத்த வேண்டும். அடியில் காற்றோட்டமும், மண்ணுக்குக் கரையான் தடுப்பு மருந்தும் தேவை. திருகாணிகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அமைதல் நலம். மும்பை, கோவா போன்ற கடலோர இடங்களில் 316 தரமே ஏற்றது.

மதிப்பீட்டில் ‘மரவேலை’ என ஒரே வரியில் தொகை எழுதப்பட்டிருந்தால் ஏற்காதீர்கள். மர வகை, அடித்தளம், திருகாணி, கரையான் தடுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். பலகை பொருத்துமுன் அடித்தளத்தைப் பார்வையிட்டு, அதன்பின் அடுத்த தொகையைக் கொடுங்கள். கூலியில் ஒரு பகுதியை முதல் மழைக்காலம் முடிந்த பிறகே தருவதென ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது பாதுகாப்பானது.

கடன் காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டு வட்டி 10 விழுக்காடு எனக் கொண்டால், 3 லட்சம் ரூபாய்க் கடனுக்கு 5 ஆண்டுகளில் மாதத் தவணை சுமார் 6,374 ரூபாய். மொத்த வட்டி சுமார் 82,400 ரூபாய். அதே கடனை 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தால் தவணை சுமார் 3,965 ரூபாயாகக் குறையும். வட்டியோ சுமார் 1,75,700 ரூபாயாக உயரும். மழையிலும் வெயிலிலும் தேயும் பொருளுக்குக் குறுகிய காலக் கடனே பொருத்தமானது.

ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் பலகை இடுக்குகளிலுள்ள சருகுகளை அகற்றி, தளர்ந்த திருகாணிகளை இறுக்கி, நன்கு உலர்ந்த மரத்துக்கு எண்ணெய்ப் பூச்சு இட வேண்டும். இச்செலவுக்கென ஒரு சிறு தொடர் வைப்புக் கணக்கை இப்போதே தொடங்கிவிட்டால், பராமரிப்பு ஒரு சுமையாகத் தோன்றாது.